ஒரு டம்ளர் தண்ணீரில் என்ன ருசி?

வீட்டுக்கு வந்தவர் சொம்பை அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, “உங்க ஊர்த் தண்ணி இனிக்குதுங்க” என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருந்தது. காபி, பலகாரத்துக்கெல்லாம் முன்னால் பாராட்டு வாங்கியது தண்ணீர்தான். இப்போது சேலத்துக்குப் போனாலும் சிவகாசிக்குப் போனாலும் அதே இருபது லிட்டர் கேன். எதைப் பாராட்டுவது?

தண்ணீருக்கு நிறம், மணம், சுவை கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். காய்ச்சி வடித்த நீருக்கு அது சரி. கிணறும் ஆறும் ஊருணியும் தரும் தண்ணீரில் அந்தந்த ஊரின் பாறையும் மண்ணும் கொஞ்சம் கரைந்தே இருக்கும். சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடினாலும் கண்டுபிடிக்கிற நாக்குக்கு இது பெரிய வேலை இல்லை. பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்று டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஆர்.ஓ. தண்ணீர், ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் கிணற்றுத் தண்ணீரோ போர் தண்ணீரோ. மூன்றையும் காய்ச்சி ஆறவைத்துவிடுங்கள். பயமும் இருக்காது, சோதனையும் சமமாக இருக்கும். காய்ச்சினால் கரைந்திருந்த காற்று வெளியேறித் தண்ணீர் சப்பென்று ஆகிவிடும். எனவே டீ ஆற்றுவதுபோல ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு நாலு தடவை உயர்த்தி ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜ் பக்கமே போகக் கூடாது, குளிர்ச்சியில் நாக்கு மரத்துவிடும்.

முக்கியமாக, அண்ணாந்து குடிக்காதீர்கள். நம் பழக்கத்தில் தண்ணீர் நேரே தொண்டைக்குப் போய்விடுகிறது, நாக்கைத் தொடுவதே இல்லை. அம்மா திட்டினாலும் பரவாயில்லை, இந்த ஒரு முறை எச்சில்பட வாய் வைத்து உறிஞ்சி, நாக்கில் புரட்டிவிட்டு விழுங்குங்கள்.

ஆர்.ஓ. தண்ணீர் மெலிந்து தெரியும், சிலருக்கு லேசாகக் கசக்கும். போர் தண்ணீருக்குக் கனம் இருக்கும். விழுங்கிய பிறகும் சுண்ணாம்பு தடவியதுபோல நாக்கின் பின்பக்கம் நிற்கும். கரைந்திருக்கும் உப்புகளின் அளவுதான் காரணம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியக் குடிநீர்த் தர அளவு. வேறு வழியே இல்லாத ஊர்களுக்கு 2000 வரை விலக்கு உண்டு. பல வீட்டு ஆர்.ஓ. கருவிகள் இதை நூறுக்கும் கீழே இறக்கிவிடுகின்றன. சுத்தம் வேண்டும்தான். ஆனால் சுத்தத்தோடு சேர்த்து ஊரையும் வடிகட்டிவிடுகிறோம் என்பது என் வருத்தம்.

நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்கும் என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். புளிப்புக்குப் பழகிய நாக்கு, அது கழுவப்பட்டதும் வெறும் தண்ணீரையே இனிப்பாக உணர்கிறது. இதற்கு நேர்மாறானதையும் செய்து பாருங்கள். உப்புக் கரைசலை அரை நிமிடம் வாயில் வைத்துத் துப்பிவிட்டு நல்ல தண்ணீர் குடித்தால் புளிப்பும் கசப்புமாக ஏதோ தட்டும். ருசியில் பாதி தண்ணீருடையது, மீதி நாக்கில் முன்பே இருந்ததுடையது. ஊறுகாய் தொட்ட வாயோடு சோதனைக்கு உட்கார வேண்டாம்.

டம்ளரில் பிடிபடாத வித்தியாசம் அடுப்பில் பளிச்சென்று தெரியும். ஒரு பிடி துவரம்பருப்பை இரண்டாகப் பிரித்து, பாதியைப் போர் தண்ணீரிலும் பாதியைப் பிடித்துவைத்த மழைத்தண்ணீரிலும் வேகவையுங்கள். குக்கர் வேண்டாம், திறந்த பாத்திரம் போதும். மழைத்தண்ணீரில் பருப்பு மலர்ந்து, கரண்டி பட்டாலே மசியும். மற்றதில் மணி மணியாக முழித்துக்கொண்டு நிற்கும். பருப்பின் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்கிற பசை. தண்ணீரில் உள்ள கால்சியம் அதை இன்னும் இறுக்கிக் கட்டிவிடுகிறது. கிராமத்தில் இதற்காகத்தான் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுவார்கள். அதே தண்ணீரில் டீ போட்டால் மேலே ஒரு மெல்லிய ஆடை மிதக்கும். அது பாலாடை அல்ல. வடித்த சோறும் லேசாக மஞ்சள் தட்டும். உப்புத் தண்ணீர் ஊர்களில் புது மருமகள்மேல் விழுந்த பழிகளில் பாதியாவது கிணற்றின்மேல் விழுந்திருக்க வேண்டியது.

இனி ஊர் ஊராகப் போகலாம். பொதிகை மலையில் பிறந்து புன்னக்காயலில் கடலைத் தொடும்வரை தமிழ்நாட்டை விட்டு வெளியே போகாத ஆறு தாமிரபரணி. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் எளிதில் கரையாதவை, மேலே காடு வேறு மூடியிருக்கிறது. அதனால் தண்ணீர் லேசாகவே கீழே வருகிறது. திருநெல்வேலி அல்வாவின் ருசிக்கு இந்தத் தண்ணீர்தான் காரணம் என்பார்கள். கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பாலெடுத்துத் தெளியவைப்பது வரை தண்ணீரின் வேலை நிறைய இருப்பதால் நான் அதைப் பாதி நம்புகிறேன். மீதிப் பாதி நெய். கோவைக்காரர்களுக்குச் சிறுவாணி. உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று அடித்துச் சொல்வார்கள். முதலிடம் யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். தண்ணீர் நல்ல தண்ணீர், அதில் சண்டை இல்லை.

எனக்கு இவற்றைவிட அதிசயம் கடலோரத் தண்ணீர். திருச்செந்தூரில் அலைக்குக் கூப்பிடு தூரத்தில் நாழிக்கிணறு இருக்கிறது. அங்கே தண்ணீர் உப்புக் கரிக்காது. ராமேசுவரம் பக்கம் வில்லூண்டித் தீர்த்தம் கடலுக்குள்ளேயே இருக்கிறது. மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. மணலில் இறங்கியதும் கடல்நீரோடு உடனே கலந்துவிடாமல் அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், உப்புநீரை அது கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த ஓர் அடியை மோட்டார் போட்டு உறிஞ்சினால் உப்புநீர் அந்த 40 அடியும் ஏறி வந்துவிடும். கடற்கரை ஊர்க் கிணறுகள் சவர் தட்டிப்போன கதை இதுதான். ராமநாதபுரத்துக் கிராமங்களில் குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் நிரப்பும் பெண்கள் இதைச் சொல்லிக்கொடுக்காமலே அறிந்தவர்கள். ஆழமாகத் தோண்ட மாட்டார்கள், அவசரப்பட்டு மொள்ளவும் மாட்டார்கள்.

சென்னை தனிக் கதை. பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர், ஆந்திரத்திலிருந்து வரும் கிருஷ்ணா நீர், 2004 முதல் வீராணம், மீஞ்சூரில் 2010 முதலும் நெம்மேலியில் 2013 முதலும் உப்பு நீக்கிய கடல்நீர். தண்டையார்பேட்டை அக்காவும் திருவான்மியூர் மாமியும் ஒரே ருசியைக் குடிப்பதில்லை. அடிக்கடி வீடு மாறும் வாடகைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காபியில் தெரியும்.

ஓர் எச்சரிக்கை. நாக்கு எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பல்லையும் எலும்பையும் கெடுத்த ஃபுளோரைடை யாரும் ருசித்து அறியவில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்த்தால் கலங்கல் தெளியும், கிருமி சாகாது. ருசி பார்ப்பதற்கு முன் காய்ச்சச் சொன்னது சும்மா அல்ல.

கடைசியாக மண் வாசம். முதல் மழையில் நாம் மயங்குகிற அந்த வாசத்துக்குப் பெரும்பங்கு ஜியோஸ்மின் என்ற பொருள் காரணம். மண்ணிலும் நீரிலும் உள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. மனித மூக்கு இதை லட்சம் கோடியில் ஒருசில பங்கு இருந்தாலே பிடித்துவிடும். வேடிக்கை என்னவென்றால், மழையில் ரசிக்கிற அதே வாசத்தை ஏரிக் கெண்டையில் “சேத்து வாடை” என்று முகம் சுளிக்கிறோம். பொருள் ஒன்றுதான். குளத்து நீரிலிருந்து மீனின் சதைக்குள் போய்விடுகிறது. ஏரி வற்றிவரும் பங்குனி, சித்திரையில் அது தூக்கலாக இருக்கும் என்பார்கள். மதுரைப் பக்கம் அயிரையை உயிரோடு பாலில் விடுவதும், விராலைக் கல்லுப்புப் போட்டு மண்சட்டியில் உரசிக் கழுவுவதும் அந்த வாடையை எடுக்கத்தான். அதற்கும் மேல் புளி. ஜியோஸ்மின் அமிலத்தில் சிதைந்து, மணமில்லாத வேறு பொருளாகிவிடுகிறது. ஏரி மீன் என்றால் புளியைக் கூட்டிக் கரைத்த பாட்டிகளுக்கு வேதியியல் தேவைப்படவில்லை.

அடுத்த முறை ஏரிக் கெண்டை கிடைத்தால் ஒரு துண்டை மஞ்சளும் உப்பும் மட்டும் தடவி வறுத்து, மற்றதைக் குழம்பு வையுங்கள். முதலில் வறுவல், அப்புறம் குழம்பு. குழம்பில் இரண்டு துண்டை மறுநாளுக்கு மிச்சம் வையுங்கள். மூன்றையும் சாப்பிட்டுவிட்டு, சேத்து வாடை எந்த இடத்தில் அடங்கியது என்று வீட்டில் உள்ளவர்களிடம் கேளுங்கள். ஆளுக்கொரு பதில் வரும்.