பழுப்பை விட்டுவைக்கும் கலை

கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிவந்த ரோஜா முத்தையா செட்டியார், புஸ்தகம் என்றே பலரும் மதியாத நாடக நோட்டீசுகளையும் காலணாப் பாட்டுப் புஸ்தகங்களையும்கூடச் சிரத்தையோடு திரட்டி வைத்துவிட்டு 1992இல் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கித் தமிழ்நாட்டிலேயே இருக்கச் செய்ய, 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் ஏற்பட்டது. திரட்டியவரை ஓரளவேனும் புகழ்ந்துவிட்டோம். இத்தகைய சேகரங்களை நுண்படச் சுருளிலும் பிறகு மின்வடிவிலும் படியெடுப்பவர்களின் கைத்திறனை ரசித்துப் பேசுவோர்தாம் அரிது; சங்கீதத்தில் சுருதி சுத்தத்தை அனுபவிக்கத் தெரிந்தவர்கள் இதையும் அனுபவிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

தேர்ந்த கைக்காரர் பழம் புஸ்தகத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து அழுத்த மாட்டார். முதுகு முறியாதபடி பாதியளவே விரித்து, சாய்வான தாங்கியில் கிடத்தி, வர்ண அட்டையும் அளவுகோலும் ஓரத்தில் வைத்துப் படம் பிடிப்பார்.

அவருடைய விவேகம் பூரணமாக விளங்குவது, எதைச் செய்யாமல் விடுகிறார் என்பதில். பக்கத்தை வெளுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால், இன்ன அளவுக்குமேல் கறுத்ததெல்லாம் எழுத்து, மற்றதெல்லாம் காகிதம் என்று இயந்திரம் தீர்மானிக்கும்போது, மங்கிய மையில் அச்சான மெய்யெழுத்தின் புள்ளி காகிதத்தோடு கரைந்துபோகிறது, கறை பட்ட இடத்திலோ இல்லாத புள்ளி முளைக்கிறது. 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். 'பல' என்பது 'பல்' ஆகிவிடும். ஆகவே பழுப்பையும், பூச்சி அரித்த வழியையும், முன்னாள் சொந்தக்காரர் பென்சிலால் இட்ட கையொப்பத்தையும் அப்படியப்படியே விட்டுவைத்த பிரதியைத் திரையில் காணும்போது எனக்கு உண்டாகும் ஆனந்தம், எவ்வளவு அழகிய மறுபதிப்பிலும் உண்டாவதில்லை.

அந்த மூலப் பிரதி சுருக்கப்படாத 'டிஃப்' கோப்பாக வெவ்வேறு ஊர்களில் இருக்கும். வாசகர் கைக்கு வருவது அதிலிருந்து எடுத்த சிறு பிரதியே. மூலத்துக்கு எஸ்.எச்.ஏ.-256 என்னும் கணித முறையால், எண்ணும் எழுத்துமாக 64 குறிகள் கொண்ட முத்திரையொன்றைக் கணக்கிட்டுப் பதிந்துவைக்கிறார்கள். பின்னொரு நாள் மறுபடி கணக்கிடுகையில், கோப்பில் அணுவளவு பிசகியிருந்தாலும் முத்திரை முற்றிலும் வேறாக வந்து காட்டிக்கொடுத்துவிடும். உடனே, வேறோர் ஊரில் பழுதின்றி இருக்கும் பிரதியிலிருந்து புதிதாக எடுத்து வைப்பார்கள்.

கோப்பு நன்றாயிருந்தும் அதைத் திறக்கும் செயலி வழக்கொழிவதுண்டு. அதனாலேயே, இலக்கணம் பகிரங்கமாக வெளியான, பலரும் கையாளும் வடிவங்களை இவர்கள் நாடுகிறார்கள். அவையும் பழையனவாகுங் காலத்தில் புதிய வடிவத்துக்கு மாற்றி, மாற்றிய தேதியையும் முறையையும் கூடவே எழுதிவைக்கிறார்கள். அப்போதும் பழைய மூலத்தை எறிவதில்லை.