சிறுவாச்சூர் மந்திரவாதியும் எஸ்க்கின் மந்திரக்கோலும்

மந்திரவாதத்தில் ஆணுக்கு என்ன, பெண்ணுக்கு என்ன என்ற பங்கீட்டைப் பற்றித் தமிழில் வழங்கும் கதைகளில் சிறுவாச்சூர்க் கதையைப் போலக் கூர்மையானது வேறில்லை. பெரம்பலூரிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் அது. அங்கே முதலில் குடியிருந்தவள் செல்லியம்மன். மந்திரவாதி ஒருவன் தன் மந்திர பலத்தால் அவளைக் கட்டிவைத்து, தான் நினைத்த கெட்ட காரியங்களுக்கெல்லாம் ஏவிவந்தான். மதுரையிலிருந்து வந்த காளி ஓர் இரவு தங்க இடம் கேட்டபோது, செல்லி தன் நிலையைச் சொல்லி அழுதாள். காளி அவனை வதம் செய்தாள். பிறகு அவளே மதுரகாளியாக அங்கே அமர, கட்டு நீங்கிய செல்லி பெரியசாமி மலைக்குப் போய்விட்டாள். திங்கள், வெள்ளி ஆகிய கிழமைகளிலும் சில விசேஷ நாட்களிலும் மட்டுமே கோயில் நடை திறக்கிறது. மற்ற நாட்களில் காளி மலையில் செல்லியோடு இருக்கிறாள் என்பது ஊர் நம்பிக்கை. மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகியே இவள் என்போரும் உண்டு. இந்தக் கதையில் சக்தி முழுவதும் பெண்களிடம் இருக்கிறது. மந்திரவாதிக்குச் சொந்தச் சக்தி என்று ஒன்றைக் கதை கொடுக்கவே இல்லை. அவனிடம் இருந்தது கற்ற வித்தை மட்டும். யாரோ ஒரு குரு அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். சக்தி உள்ளவள் கட்டுண்டு கிடக்கிறாள், பாடம் படித்தவன் ஏவுகிறான். மந்திரத்தில் ஆண் பெண் வேறுபாடு பற்றிய விவாதம் எதையும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். வேலி போட்டுக் காவல் வைத்திருப்பது கல்விக்கு. சக்தி பெண்ணுக்கே உரியது என்பதை ஒப்புக்கொள்வதில் யாருக்கும் ஒருகாலத்திலும் சிரமம் இருந்ததில்லை.

இங்கிலாந்தின் டெர்ரி பிராட்செட் 1987-இல் எழுதிய ‘ஈக்வல் ரைட்ஸ்’ என்ற நகைச்சுவை மாயப் புனைவு இதே வேலியைப் பற்றியது. அவருடைய ‘டிஸ்க்வேர்ல்ட்’ வரிசையில் அது மூன்றாவது நாவல். சாகப்போகும் மந்திரவாதி ஒருவர், எட்டாவது மகனுக்குப் பிறக்கும் எட்டாவது மகனிடம் தன் கோலை ஒப்படைக்க மலையூர் ஒன்றுக்கு வருகிறார். கொல்லர் வீட்டில் பிறப்பது பெண் குழந்தை. மருத்துவச்சியாக நிற்கும் வெதர்வாக்ஸ் பாட்டி அதைச் சொல்வதற்குள் கோல் கைமாறிவிடுகிறது. எஸ்கரீனா, சுருக்கமாக எஸ்க், என்ற அந்தப் பெண் வளர வளர மந்திரமும் அவளுக்குள் வளர்கிறது. பாட்டி அவளுக்கு மூலிகையும், மனிதரின் மனசை அறிந்து வைத்தியம் பார்க்கும் வித்தையும், பறவை விலங்குகளின் மனதுக்குள் புகுந்து பார்க்கும் வித்தையும் சொல்லித்தருகிறாள். அது போதவில்லை என்று தெரிந்ததும், மந்திரவாதிகளின் அன்ஸீன் பல்கலைக்கழகத்துக்கே அழைத்துப்போகிறாள். அங்கே சிரிப்புத்தான் கிடைக்கிறது. முன்வாசல் அடைபட்டுவிட, எஸ்க் வேலைக்காரியாகப் பின்வாசல் வழியே நுழைகிறாள். மந்திரக்கோல் துடைப்பமாக உருமாறிக்கொள்கிறது. வகுப்பறையைப் பெருக்கிக்கொண்டே அவள் பாடம் கேட்கிறாள். துரோணரின் கண் படாத இடத்தில் வில் பழகிய ஏகலைவனை அறிந்த வாசகருக்கு இந்தக் காட்சியின் வலி சொல்லாமலே புரியும்.

மாயக்கதைகளில் ஆணின் மந்திரம் அறிவாகவும் பெண்ணின் மந்திரம் சில்லறைத் தந்திரமாகவும் எழுதப்படுவது ஏன் என்று 1985-இலேயே ஒரு மேடையில் பேசியவர் பிராட்செட். ஆகவே இந்த நாவல் எழுதும்போக்கில் தற்செயலாக அமைந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் பலமே அவர் எதிராளியை எளிதாக்கிவிடவில்லை என்பதில் இருக்கிறது. எஸ்க் மந்திரவாதி ஆகக் கூடாது என்று முதலில் தடுப்பவள் பாட்டிதான். ஆண்களின் மந்திரம் ஏட்டையும் நட்சத்திரக் கணக்கையும் நம்புவது, பெண்களின் மந்திரம் மண்ணிலிருந்து வருவது, இரண்டையும் கலக்கக் கூடாது என்று அவள் உறுதியாக நம்புகிறாள். தன் தொழிலில் அவள் தலைசிறந்தவள். அதனாலேயே பங்கீடு அவளுக்கு நியாயமாகப் படுகிறது. இந்த இடம் மிக நேர்மையானது. பங்கீட்டால் ஏமாந்தவர்கள் மட்டும் அதைக் காப்பாற்றுவதில்லை; அதற்குள்ளேயே ஒரு மதிப்பைச் சம்பாதித்துக்கொண்டவர்களும் காப்பாற்றுகிறார்கள். தலைமை மந்திரவாதி கட்டாங்கிளோடு அவள் மந்திரப் போர் செய்து சமமாக நிற்கும்போது, இரண்டும் வெவ்வேறு வகை என்ற அவளுடைய கொள்கை அவள் செயலாலேயே தகர்கிறது.

இந்த நகைச்சுவை நமக்குப் புதியதன்று. சங்க அகப்பாடல்களில் தலைவி மெலிந்துபோனால் தாய் முதலில் கட்டுவிச்சியைத்தான் கூப்பிடுகிறாள். அவள் முறத்தில் நெல்லைப் பரப்பி, எண்ணிப் பார்த்து, முருகு அணங்கியது என்று குறி சொல்வாள். அடுத்து வருபவன் வேலன். களம் அமைத்து, மறியறுத்து, வெறியாடி, நோய் தீர்க்கும் உரிமையும் அதற்கான படையலும் அவனுக்கு. குறி பார்ப்பது பெண், சடங்கை நடத்துவது ஆண் என்ற பங்கீடு அவ்வளவு பழையது. நோய்க்குக் காரணம் மலைநாட்டுத் தலைவன் மேல் கொண்ட காதல் என்பது தலைவிக்கும் தோழிக்கும் தெரியும். வேலனுக்கும் தாய்க்கும் தெரியாது. ஒன்றும் அறியாமல் ஆட்டை வெட்டி ஆடும் வேலனைத் தோழி எள்ளி நகையாடும் பாடல்கள் ஒன்றிரண்டல்ல. வெறிபாடிய காமக்கண்ணியார் என்ற பெண்பாற் புலவர் அந்தப் பொருளைப் பாடியே பெயர் பெற்றிருக்கிறார். உண்மை அறிந்தவள் வாயைத் திறக்க முடியாது, அறியாதவன் கையில் சடங்கு. பிராட்செட்டின் பல்கலைக்கழகத்தில் சிரிப்பவர்கள் மந்திரவாதிகள், நம் குறிஞ்சியில் சிரிப்பவள் தோழி. சிரிப்பை யாரிடம் கொடுப்பது என்பதில் சங்கப் புலவர்கள் ஒருபடி மேலே நிற்கிறார்கள்.

வேலன் போய்விட்டான், வேலை போகவில்லை. 1990-களின் தொடக்கத்தில் தென்னார்க்காட்டுப் பகுதியில் களஆய்வு செய்த மானிடவியலாளர் இசபெல் நபகோவ் 2000-இல் வெளியிட்ட நூலில் பேயோட்டுச் சடங்குகளை விரிவாக எழுதியிருக்கிறார். பிடிபடுவோரில் பெரும்பாலோர் புதிதாக மணமான இளம்பெண்கள். பிடிப்பது, ஆசை தீராமல் அகாலமாகச் செத்த ஓர் ஆணின் பேய். பம்பையும் உடுக்கையும் முழங்க, பேயின் பெயரையும் ஊரையும் கேட்டு, அதைப் பேசவைத்து, கடைசியில் பெண்ணின் முடிக்கற்றையைப் புளியமரத்தில் ஆணியடித்து விடுகிறார்கள். பேய் போனால் அவள் புருஷனோடு ஒழுங்காக வாழ்வாள் என்பது நம்பிக்கை. சடங்கு அவளுடைய துயரத்தை ஆற்றுகிறது என்பதைவிட, மனைவி என்ற இடத்துக்கு அவளைத் திருப்பி அனுப்புகிறது என்பதே நபகோவின் வாதம். எனக்கு அதில் உடன்பாடு. சங்கத் தலைவியின் நோய்க்குத் தெய்வம் என்று பெயர் வைத்தார்கள், இந்தப் பெண்ணின் நோய்க்குப் பேய் என்று பெயர் வைக்கிறார்கள். உடம்பு அவளுடையது, குரலும் அவள் தொண்டையிலிருந்து வருவது, ஆனால் அது யாருடைய குரல் என்று முடிவு சொல்பவன் உடுக்கைக்காரன்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தின் மாரியம்மன், செல்லியம்மன் திருவிழாக்களைப் பார்த்தவர்கள் ஒரு நியாயமான மறுப்பைச் சொல்லக்கூடும். சாமி வந்து ஆடும் பெண்ணின் முன்னால் ஊர்ப் பெரியவர்கள் கைகட்டி நிற்கிறார்கள், மாமனாரைப் பேர் சொல்லி அதட்டினாலும் அவர் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறார், இதைவிடப் பெரிய அதிகாரம் என்ன வேண்டும் என்பார்கள். இந்தப் பழக்கத்தின் மிகப் பெரிய பலம் இதுதான். நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. வேறெங்கும் பேச இடமில்லாத பெண்ணுக்கு அது உண்மையான ஒரு மேடை. ஆனால் கற்பூரம் காட்டி, திருநீறு பூசி, சாமி மலையேறியதும் அந்த அதிகாரமும் ஏறிப்போகிறது. அவள் சொன்னது அம்மன் வாக்கு. மறுநாள் அவளே அதைச் சொன்னால் எடுபடாது. கற்றவனுக்கு வித்தை கூடவே இருக்கும், அருள் வந்தவளுக்கு அது இரவல். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பெண்ணிடம் சக்தி உண்டு என்ற நம்பிக்கை தனியாக நின்றால் அது அவளுக்குப் பாதுகாப்பாக இருப்பதில்லை. சூனியக்காரி என்று பட்டம் கட்டிப் பெண்களைக் கொல்வதைத் தடுக்கவே பீகார் 1999-இலும் ஜார்க்கண்ட் 2001-இலும் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. சூனியம் எடுக்கும் ஆணைத் தேடிப்போய்த் தட்சணை வைக்கிறவர்களே, சூனியம் வைத்தாள் என்று சந்தேகப்படும் பெண்ணை அடித்துத் துரத்துகிறார்கள்.

மாதவிலக்குத் தீட்டு இருப்பதால் பெண் பூசை செய்யக் கூடாது என்ற மறுப்புக்கு அதிக நேரம் தேவையில்லை. மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி சித்தர் பீடத்தில் மாதவிலக்கு நாட்களிலும் பெண்கள் கருவறைக்குள் போய்த் தங்கள் கையாலேயே பூசை செய்கிறார்கள். லட்சக்கணக்கான குடும்பங்கள் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன. தமிழ்ச் சமயவாழ்வில் இது ஒரு பெரிய பாய்ச்சல். அதே இடத்தில்தான் பங்கீட்டின் பிடிவாதமும் தெரிகிறது. அருள்வாக்குச் சொன்னவர் 2023 அக்டோபரில் மறைந்த பங்காரு அடிகளார் என்ற ஆண். பக்தர்கள் அவரை ‘அம்மா’ என்றே அழைத்தார்கள். அபிஷேகமும் அலங்காரமும் பெண்களின் கைக்கு வந்தன, வாக்கு வரவில்லை. தாய்மையின் பெயரும் அவரோடு சேர்ந்துகொண்டது.

நாவலின் குறைக்கு வருவோம். எஸ்க்குக்குக் கோல் கிடைத்தது ஒரு கிழவரின் அவசரத்தால். அவள் பிறவியிலேயே அசாதாரணமானவள். உலகமே அழியும் என்ற நெருக்கடி வரும்போதுதான் பல்கலைக்கழகம் இறங்கிவருகிறது. சாதாரண வித்தைக்காரப் பெண்ணுக்கு அந்த வாசல் திறக்குமா என்ற கேள்வியை நாவல் கேட்கவில்லை. பதிலைப் பின்னால் வந்த நூல்களே சொல்லிவிடுகின்றன. அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி பிராட்செட் அதன்பிறகு எத்தனையோ கதை எழுதினார். எதிலும் மாணவிகள் வரிசையாக வந்து உட்காரவில்லை. எஸ்க்கும் 2010 வரை மறைந்தே போகிறாள். நகைச்சுவைக்கு நிலையான பின்னணி தேவை, குடுமிப்பிடிச் சண்டை போடும் கிழட்டு மந்திரவாதிகள் இல்லாமல் சிரிப்பு ஏது என்று அவருக்காக வாதாடலாம். அந்த வாதத்தை ஏற்க என்னால் முடியவில்லை. ஒரே ஒரு பெண்ணை உள்ளே விட்டுவிட்டு முன்போலவே நடக்கும் நிறுவனம், அவளை விதிவிலக்காக்கி வேலியை இன்னும் கெட்டியாக்கிக்கொள்கிறது. சிறுவாச்சூர்க் கதை இந்த ஓர் இடத்தில் பிராட்செட்டை மிஞ்சுகிறது. அங்கே தனியொரு மேதை ஜெயிப்பதில்லை. வழிப்போக்காக வந்த ஒருத்தி, அழுதவளுக்காக இறங்குகிறாள். முதல் மரியாதை இன்றும் மலைமேல் இருக்கும் செல்லிக்குத்தான் என்பார்கள்.

சிறுவாச்சூர்க் கதைக்கும் குறை உண்டு. மந்திரவாதி செத்தான், ஆனால் அவன் கற்ற வித்தை செல்லிக்கோ காளிக்கோ வந்ததாகக் கதை சொல்லவில்லை. கோயிலுக்கு வரும் பெண்கள் ஊறவைத்த பச்சரிசியை அங்கேயே உரலில் இட்டு உலக்கையால் இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழித்து நெய்த்திரி போட்டு மாவிளக்கு ஏற்றுகிறார்கள். இந்த வட்டாரத்து அம்மன் கோயில்கள் பெரும்பாலானவற்றில் உரலோரம் வரை வேலை பெண்களுடையது, உடுக்கை ஆணுடையது. இந்தப் பங்கீடு பெருங்கோயில்களிலும் உண்டு. மழவரையர் மகளான சோழ அரசி செம்பியன் மாதேவி பத்தாம் நூற்றாண்டில் எத்தனையோ செங்கல் கோயில்களைக் கற்றளி ஆக்கினார். மழநாடு என்பது திருமழபாடி உள்ளிட்ட இந்தக் கொள்ளிட வடகரைச் சீமைதான். கோயிலையே கட்டித்தர ஒரு பெண்ணால் முடிந்தது. அதற்குள் பூசை செய்யும் உரிமையை அது எந்தப் பெண்ணுக்கும் பெற்றுத்தரவில்லை.

மந்திரமே பொய், அதில் பெண்ணுக்குப் பங்கு கேட்பது மூடநம்பிக்கையில் சமபங்கு கேட்பதாகாதா என்று பெரியாரைப் படித்தவர்கள் கேட்பார்கள். கேள்வி வலுவானது. ஆனால் உடுக்கை அடிப்பவர் சொல்லும் பெயர் ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும்வரை, அந்தப் பெயரைச் சொல்வது யார் என்பது பொய்யான கேள்வியாகிவிடாது. நம்பிக்கை கரையும் நாள் வரட்டும். அதுவரை காணிக்கையும் ஊர் மரியாதையும் தீர்ப்புச் சொல்லும் தகுதியும் ஒரே பக்கம் குவிவதற்கு நாத்திகம் சாக்காகக் கூடாது.

நடந்த ஒன்றைப் பார்க்கலாம். உசிலம்பட்டி வட்டாரத்து அம்மன் கோயில் ஒன்றில், நோயுற்ற தந்தைக்குப் பதிலாகப் பூசை செய்துவந்த மகளை, அவர் இறந்தபின் ஊரார் தடுத்தனர். 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி கே. சந்துரு, பெண் பூசாரியாகக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்று அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். கருவறையில் இருப்பவளே பெண்ணாக இருக்க, பூசை செய்யப் பெண் கூடாது என்பதன் முரணையும் சுட்டினார். 2023 செப்டம்பரில் ஸ்ரீரங்கம் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் மூன்று பெண்கள் படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கினார்கள். இந்த இரண்டில் எனக்கு உசிலம்பட்டி வழக்குத்தான் முக்கியமாகப் படுகிறது. பயிற்சி பெற்ற மூவரும் எஸ்க்கைப் போல விதிவிலக்காகவே வைக்கப்படும் ஆபத்து இருக்கிறது. உசிலம்பட்டி மகளோ தந்தையின் பக்கத்தில் நின்று தொழிலைக் கற்றவர். ஆகமத் தடை என்ற வாதம் பெருங்கோயில்களுக்கு உண்டு; உடுக்கையும் பம்பையும் ஒலிக்கும் கிராமத்து அம்மன் கோயில்கள் பெரும்பாலானவற்றில் அந்தத் தடையே கிடையாது. அங்கே குறுக்கே நிற்பது வழக்கம் ஒன்றுதான். பெரம்பலூர், அரியலூர்ப் பூசாரி வீடுகளில் மகனுக்குச் சொல்லித்தரும் உடுக்கைப் பாட்டை மகளுக்கும் சொல்லித்தர அரசாணையோ நீதிமன்ற உத்தரவோ தேவையில்லை. பாட்டை அவள் ஏற்கனவே காதால் கேட்டுத்தான் வளர்கிறாள். உடுக்கையை அவள் கையில் கொடுத்து, அடிக்கச் சொல்லித்தர வேண்டும்.