இறைச்சிக்கு வந்த சட்டம்: அப்டன் சிங்க்ளேரின் 'தி ஜங்கிள்'

அப்டன் சிங்க்ளேரின் 'தி ஜங்கிள்' பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் உடனே எலி, அழுகின மாமிசம், டப்பாவில் அடைத்த மாட்டுக்கறி என்று ஆரம்பித்துவிடுவார். நாவல் புத்தகமாக வந்தது 1906 பிப்ரவரியில். அதே வருடம் ஜூன் 30 அன்று இறைச்சிப் பரிசோதனைச் சட்டம், உணவு மற்றும் மருந்துத் தூய்மைச் சட்டம் இரண்டிலும் தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார். ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட வேறென்ன வேணும்? சிங்க்ளேருக்கு அது போதவில்லை. குறி வைத்தது ஜனங்களின் நெஞ்சுக்கு, பட்டது வயிற்றில் என்று பின்னால் நொந்துகொண்டார். அந்த நோவை ஒரு ஜோக் மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு நாமும் நாவலை மூடி வைத்துவிடுகிறோம்.

என்னைக் கேட்டால் இந்த நாவலின் நடுப்புள்ளி இறைச்சியே இல்லை. ஒரு வீடு.

லிதுவேனியாவிலிருந்து சிகாகோ வந்து சேர்கிற யூர்கிஸின் குடும்பம் 1500 டாலருக்கு ஒரு வீடு பேசுகிறது. கையில் 300, மீதி மாதம் 12 டாலர் தவணை. புது வீடு என்றுதான் விளம்பரம். குடியேறிய பிறகு பக்கத்திலிருக்கும் கிழவி ஒருத்தி சாவகாசமாக வந்து உட்கார்ந்து விஷயத்தை அவிழ்க்கிறாள்: வீட்டுக்கு வயது பதினைந்து. இவர்களுக்கு முன்னால் நாலு குடும்பங்கள் இதே வீட்டை வாங்கித் தவணை கட்ட முடியாமல் போயிருக்கின்றன. ஜெர்மன்காரர்கள், ஐரிஷ்காரர்கள், பொஹீமியர்கள், போலந்துக்காரர்கள். அது சரி, வட்டி கட்டுகிறீர்களா என்று வேறு கேட்கிறாள். அப்போதுதான் பத்திரத்தில் ஏழு சதவீத வட்டி ஒளிந்திருப்பது இவர்களுக்குத் தெரிகிறது. எலி வருகிற பக்கங்களைவிட என்னை நடுங்க வைத்தது இந்தக் கிழவியின் பேச்சுதான். நாற்பது வருடத்துக் குடியேற்ற வரலாற்றையும் தொழில் வளர்ச்சியையும் ஒரு வீட்டுக் கதவு வழியாக நடத்திக் காட்டிவிடுகிறார் சிங்க்ளேர். பிறகு யூர்கிஸ் சிறையிலிருந்து திரும்புகிறான். வீட்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறது, உள்ளே வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

முதல் அத்தியாயத்துக் கல்யாணமும் அப்படித்தான். விருந்தாளிகள் செலவில் பங்கு கொடுத்துவிட்டுப் போவது அவர்கள் ஊர் வழக்கம். நம்ம ஊர் மொய்யை அறிந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. சிகாகோவில் பையன்கள் தின்றுவிட்டுக் கம்பி நீட்டுகிறார்கள். ஒரு கிராமத்து ஒழுங்கு நகரத்தில் உடைவதை இதைவிடக் குறைந்த சத்தத்தில் சொல்ல முடியாது. கடைசி அத்தியாயங்களின் சோஷலிசப் பிரசங்கம் அலுப்புதான். எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் அதில் நிற்கப் போவதில்லை.

நிற்க வேண்டிய இடம் வேறு. சிங்க்ளேர் 1878இல் பால்டிமோரில் பிறந்தவர். தகப்பன் வழி பழைய தெற்கத்திக் குடும்பம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு வசதி போய்க் குலப்பெருமை மட்டும் மிஞ்சியது. 1904இல் அவர் எழுதிய 'மனாஸஸ்' அடிமை முறையையும் அந்தப் போரையும் பற்றிய நாவல். அதைப் படித்த 'அப்பீல் டு ரீஸன்' என்ற சோஷலிச வார இதழின் ஆசிரியர், கறுப்பு அடிமைகளைப் பற்றி எழுதினீர், கூலி அடிமைகளைப் பற்றி எழுதுமே என்று தூண்டியதில் பிறந்ததுதான் 'தி ஜங்கிள்'. ஏழு வாரம் இறைச்சித் தொழிற்சாலைப் பகுதியில் சுற்றித் திரிந்து எழுதினார்.

'கூலி அடிமை' என்ற உவமை எவ்வளவு தூரம் தாங்கும்? 1868இல் விடுதலை பெற்ற அடிமைகளைக் காக்க வந்தது அரசியல் சட்டத்தின் பதினான்காவது திருத்தம். நாவல் தொடராக வந்துகொண்டிருந்த 1905 ஏப்ரலில், அதே திருத்தத்தைக் கையிலெடுத்து உச்ச நீதிமன்றம் நியூயார்க்கின் ரொட்டிக்கடைச் சட்டத்தை ரத்து செய்தது. ரொட்டி சுடுகிறவர்கள் நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு அறுபது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது அந்தச் சட்டம். அது 'ஒப்பந்தச் சுதந்திர'த்துக்கு விரோதமாம். லாக்னர் வழக்கு. ஐந்துக்கு நாலு என்று தீர்ப்பு. அடுத்த வருடம் சாசேஜுக்குப் பாதுகாப்பு கிடைத்தது, அதைச் செய்கிறவனுக்குக் கிடைக்கவில்லை. பரிசோதனைச் செலவையும் கம்பெனிகள் தலையில் கட்டாமல், வருடத்துக்கு 30 லட்சம் டாலர் அரசுக் கருவூலத்திலிருந்தே ஒதுக்கினார்கள். முத்திரை குத்திய இறைச்சி வெளிநாட்டில் நன்றாக விற்கும் என்பதால் பெரிய முதலாளிகளுக்கு அந்தச் சட்டம் கசக்கவில்லை என்று கேப்ரியல் கோல்கோ 1963இல் வந்த தன் நூலில் வாதிட்டார். எனக்கு அந்த வாதம் பெரும்பாலும் சரியாகவே படுகிறது.

ஆனால் குற்றம் முழுவதும் வாசகர்களின் வயிற்றில் இல்லை. வேலைநிறுத்த அத்தியாயங்களைப் படித்துப் பாருங்கள். நிறுத்தத்தை உடைக்கத் தெற்கிலிருந்து கறுப்புத் தொழிலாளிகளை ரயில் ரயிலாக இறக்குகிறார்கள். ஐந்தாறு லிதுவேனியர்களின் மூச்சுத் திணறலை வரி வரியாகக் கேட்ட எழுத்தாளருக்கு இங்கே காது அடைத்துப்போகிறது. குடி, சூதாட்டம், கத்தி, கும்மாளம். பெயர் சொல்லி நினைவில் நிற்கும்படி ஒருவர்கூட இல்லை. இவர்களின் முன்னோர் அடிமைகள் என்பதையும் சொல்லத்தான் சொல்கிறார். ஆனால் இவர்கள் கட்டறுத்துத் திரிவதற்குக் காரணமாக மட்டும். முந்தைய வருடம் அடிமை முறையைப் பற்றி ஒரு முழு நாவல் எழுதியவர்! இத்தனைக்கும் அந்தக் கூட்டத்தை வேலை வாங்குகிற கருங்காலி யூர்கிஸேதான். அவனுக்கு ஒரு மனசு உண்டு, பசி உண்டு, நியாயம் உண்டு. அக்காலத்து வெள்ளை எழுத்தாளர் பலரிடமும் இருந்த கோணல்தானே என்று சமாதானம் சொல்லலாம். நான் ஏற்கமாட்டேன். தொழிலாளிகளின் ஒற்றுமைதான் விடிவு என்று அடித்துச் சொல்கிற புத்தகம், அதே தொழிற்சாலை முற்றத்தில் நிற்கிற பாதிப் பேரைக் கணக்கில் எடுக்கவில்லை.

1919 ஜூலை 27 அன்று சிகாகோவில் இனக்கலவரம் வெடித்தது. செத்தவர்கள் 38 பேர். 23 கறுப்பர்கள், 15 வெள்ளையர்கள். தொழிற்சாலை வேலைக்குப் போய்வந்த கறுப்பர்களை வழியிலேயே மறித்து அடித்தார்கள். ஆகஸ்ட் 2 விடிகாலையில் தொழிற்சாலைகளுக்குப் பின்புறக் குடியிருப்பில் தீப்பிடித்து 900க்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். பெரும்பாலும் லிதுவேனியர்கள். கறுப்பர்கள் வைத்த தீ என்றுதான் முதலில் பேச்சு. முகத்தில் கரி பூசிக்கொண்ட வெள்ளைக்கார இளைஞர் கும்பலின் வேலை என்ற சந்தேகம் அப்புறம்தான் வந்தது.