ஜில்மிலி ஏரி: தேதி சரி, வரைபடம்தான் இடிக்கிறது

மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் ஜில்மிலி என்று ஓர் ஊர். தக்காண எரிமலைப் பாறையின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே அங்கே பழைய மண்ணும் ஏரிப் படிவும் இருக்கின்றன. 2009-ல் கெர்டா கெல்லர், சுனில் பாஜ்பாய் உள்ளிட்ட குழு அந்தப் படிவில் மிதக்கும் ஃபோராமினிஃபெரா ஓடுகள் கிடைத்ததாக எழுதியது. கடலில் மட்டுமே வாழும் ஒற்றைச் செல் உயிரிகள் இவை. இன்றைய கடற்கரையோ பல நூறு கிலோமீட்டர் தள்ளி. அதனால் கட்டுரைத் தலைப்பிலேயே, இந்தியாவுக்குக் குறுக்கே பெரிய கடல்வழி இருந்தது என்று போட்டுவிட்டார்கள்.

நல்ல கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் ஒரே ஆதாரத்திலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. இரண்டுக்கும் ஒரே பலம் கிடையாது.

முதலில் தேதி. இந்த இனங்கள் 6.6 கோடி ஆண்டுக்கு முன் நடந்த பேரழிவுக்குப் பிறகு தோன்றியவை. ஆகவே அந்தப் படிவு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. மேலே கிடக்கும் எரிமலைப் பாறை இன்னும் பிந்தியது. அதாவது, டைனோசர்கள் அழிந்த பிறகும் தக்காணத்தில் எரிமலை வெடித்துக்கொண்டிருந்தது. ஓடுகள் எந்த வழியாக வந்திருந்தாலும் இந்த முடிவு மாறாது.

அடுத்தது வரைபடம். இங்கேதான் இடிக்கிறது. ஏரித் தண்ணீரின் தன்மையைச் சொல்வது ஆஸ்ட்ரகாட், அரிசியை விடச் சின்ன இரட்டை ஓட்டு உயிரி. நம்ம ஊருணியில் இருப்பது நன்னீர் வகை. உவர்நீருக்கு வேறு வகை உண்டு. ஜில்மிலியில் இரண்டும் கிடைத்தன. ஆனால் கடல் வராமலே, வெயிலில் வற்றும் ஏரியும் உவர்க்கும். ஆக, கடலுக்கு நேரடிச் சாட்சி ஃபோராமினிஃபெரா மட்டும்தான். சுமார் 0.1 மில்லிமீட்டர் ஓடு அது. காற்றோ பறவையோ தூக்கி வந்திருக்காதா என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

நர்மதை, தபதி, கோதாவரிப் பள்ளத்தாக்குகள் வழியாகக் கடல் வந்திருக்கலாம் என்கிறது குழு. நர்மதைப் பக்கம் பாக் என்ற இடத்தில் கடல் படிவுகள் உண்டு. ஆனால் அவை 2 கோடி ஆண்டுக்கும் மேல் மூத்தவை. ராஜமுந்திரிப் படிவு வயதில் பொருந்துகிறது. அந்த ஊரோ கடற்கரைக்குப் பக்கம்.

ஒரு சர்வர் லாகில் நேரம் சரியாகப் பதிவாகியிருக்கும், தகவல் எந்த வழியாக வந்தது என்பது தெரியாது. அது மாதிரிதான் இதுவும். இடையில் இன்னும் இரண்டு மூன்று இடங்களில், அதே வயதில், வாழ்ந்த இடத்திலேயே புதைந்த கடல் சிப்பிகள் கிடைக்கட்டும். அப்போது அந்தக் கடல்வழியை வரைபடத்தில் தாராளமாக வரையலாம்.