ஈஸ்டருக்கு ஊருக்குப் போகலாமா?

சாம்பல் புதன் ஈஸ்டருக்கு 46 நாள் முந்தி வருகிறது. ரயில் முன்பதிவோ 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது. அதனால் லெந்து தொடங்குவதற்குள்ளேயே தாராவித் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் அந்தக் கேள்வி வந்துவிடும்: ஈஸ்டருக்கு ஊருக்கா, இங்கேயா? ஊர் என்றால் திருநெல்வேலிச் சீமை. தோல் வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அதுதான் ஊர். இளையவர்கள் கோவா என்கிறார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வசதி வந்த சில வீடுகளில் ரோம் என்ற பேச்சும் கேட்கிறது.

ஊர்ப் பயணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மனசு அங்கேதான் இழுக்கிறது. மகாராஷ்டிராவில் பெரிய வெள்ளிக்கு விடுமுறை உண்டு, ஈஸ்டர் திங்களுக்கு இல்லை. கையில் இருப்பது மூன்று நாள். நாகர்கோவில் வண்டியில் நெல்லைக்கு ஏறக்குறைய ஒன்றரை நாள். வியாழன் இரவு ஏறினால், கோயிலில் ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் மும்மணி நேரத்தில் நாம் ஆந்திரத்து வெயிலில் போய்க்கொண்டிருப்போம். அப்படி ஒரு பெரிய வெள்ளியை நானும் ரயிலில் கழித்திருக்கிறேன். பக்கத்து பெர்த்தில் சீட்டாட்டம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுவென்று ஜெபித்தபடியே வந்தாள். சனிக்கிழமை ஊரில் இறங்கி, ஞாயிறு அதிகாலை ஆராதனை முடித்து, மத்தியானச் சாப்பாட்டோடு மூட்டை கட்டினோம். இதற்காக நான்கு நாள் கூலி போயிற்று.

பண்டிகையும் ஒரு தேதியில் நிற்பதில்லை. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்பதால் 2025இல் ஏப்ரல் 20, 2026இல் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28 என்று நகர்கிறது. எந்த ஆண்டானாலும் பிள்ளைகளுக்குப் பரீட்சையோ புது வகுப்போ குறுக்கே நிற்கும்.

கோவாவுக்கு வலுவான காரணம் உண்டு. 1542இல் கோவாவில் இறங்கிய பிரான்சிஸ் சவேரியார், அதே ஆண்டில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தவர். அவர் உடல் பழைய கோவாவின் போம் ஜீசஸ் பேராலயத்தில் இருக்கிறது. கொங்கண் ரயிலில் ஓர் இரவுப் பயணம்தான். ஆனால் கோவாவின் தவக்காலச் சிறப்பான கோவா வேல்யா புனிதர் பவனி, பரிசுத்த வாரத்துக்கு முந்தைய திங்கட்கிழமையே முடிந்துவிடும். பிறகு கிடைப்பது நீண்ட வாரஇறுதிக் கூட்டமும், நம் பிள்ளைகளுக்குப் புரியாத கொங்கணித் திருப்பலியும். சவேரியாரைப் பார்க்க அவர் திருநாளான டிசம்பர் 3 பொருத்தமான நாள்.

ஐரோப்பாவுக்குப் போகிறவர்களைத் தடுக்க எனக்கு மனமில்லை. செவில் நகரத்தில் இரவு முழுக்கச் சுமந்து வரும் சொரூபங்களையும், ரோமின் கொலோசியத்தில் நடக்கும் சிலுவைப்பாதையையும் ஆயுளில் ஒரு முறை பார்க்கலாம். ஆனால் ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ கட்டிவிட்டோமே என்று ஒரு வாரத்தில் ஐந்து நகரம் ஓடுகிறவர்கள் பண்டிகையைப் பெட்டிக்குள் பூட்டிவைக்கிறார்கள். அங்கே பல நாடுகளில் ஈஸ்டர் திங்களும் விடுமுறை. மும்பையில் நமக்குக் கிடைக்காதது அந்த ஒரு நாள்தான். வியாழன் முதல் திங்கள் வரை ஒரே ஊரில், கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் தங்குங்கள். இல்லையென்றால் வேறு மாதத்தில் போங்கள்.

என் தீர்ப்பு: ஈஸ்டருக்கு இங்கேயே இருக்க வேண்டும். வியாழன் இராப்போஜனம், வெள்ளியின் துக்கம், சனியின் காத்திருப்பு, ஞாயிறு விடியல் என்று நான்கையும் நம்மைப் பேர் சொல்லிக் கூப்பிடும் சபையோடு சேர்ந்து கடந்தால்தான் அது ஈஸ்டர். பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிப்போகத் தோன்றினால் ஞாயிறு மத்தியானம் லோக்கலில் வசாய்க்குப் போகலாம். அங்கே கோயில்களில் மராத்தி ஒலிக்கும். அது நம் பிள்ளைகளுக்குப் புரியும். 1739இல் மராத்தியர் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்த கோட்டைக்குள் இடிந்த தேவாலயங்களையும் காட்டலாம்.

ஒரே ஒரு விலக்கு சொல்வேன். ஊரில் வயதான தாயோ தகப்பனோ தனியாக இருந்தால், கூலி போனாலும் லீவு போனாலும் புதன்கிழமையே ஏறிவிடுங்கள். மற்றவர்கள் மே மாதம் குடும்பத்தோடு போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வாருங்கள். மே டிக்கெட்டுக்கு மார்ச்சிலேயே முன்பதிவு தொடங்கிவிடும். முன்பதிவு திறக்கும் காலையைத் தவறவிடாதீர்கள்.