வாத்தியமா, விக்கிரகமா?

மின்சார கிதாரைப் பற்றி ஒரு கதாசிரியன் என்ன சொல்லிவிட முடியும் என்று வாசகர்கள் கேட்கலாம். எனக்கு வாசிக்கத் தெரியாது, கேட்கத் தெரியும். விமரிசனத்துக்கு அது போதும் என்பது என் கட்சி.

1950களிலும் 60களிலும் செய்த கிதார்களையும் வால்வ் ஆம்ப்ளிஃபயர்களையும் தேடி அலைகிற ஒரு கூட்டம் இன்று மேல்நாடுகளில் இருக்கிறது. கிப்ஸன் கம்பெனி 1958 முதல் 1960 வரை செய்த லெஸ் பால் ஸ்டாண்டர்ட் கிதார் அந்நாளில் சரியாக விலைபோகவில்லை. 1961ல் அதன் உருவத்தையே மாற்றிவிட்டார்கள். அதே கிதாருக்கு இன்று லட்சக்கணக்கான டாலர் கேட்கிறார்கள். இந்த மாறுதலைத் தொடங்கி வைத்தவர்கள் வியாபாரிகள் அல்ல, வாசித்தவர்கள். எரிக் கிளாப்டன் அப்படிப்பட்ட கிதார் ஒன்றை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, மேடையில் வாசிக்கிற அதே உரத்தில் ஸ்டூடியோவிலும் வாசித்தார். ஜான் மேயாலின் குழுவோடு அவர் சேர்ந்து செய்த அந்த இசைத்தட்டு 1966ல் வெளிவந்தது. அந்தத் தொனியைப் பிடிக்கத்தான் இன்றுவரை இத்தனை தவமும்.

அது எப்படிப் பிறக்கிறது? வால்வ் என்பது பழைய ரேடியோவுக்குள் கனன்றுகொண்டிருந்த கண்ணாடிக் குழாய்தான். சக்திக்கு மேல் அதனிடம் வேலை வாங்கினால் ஓசை அலையின் முகடுகள் மெல்ல அமுங்குகின்றன. மூல சுரத்தில் இல்லாத துணைச் சுரங்கள் சேர்ந்துகொள்கின்றன. எஞ்சினீயரின் கணக்கில் இது குறை. ரேடியோ ரிப்பேர் கடையிலிருந்து வந்த கலிஃபோர்னியாக்காரர் லியோ ஃபெண்டர், தெளிவான ஓசை வரவேண்டுமென்றே பாடுபட்டவர். பாஸ் கிதாருக்கென்று அவர் கம்பெனி செய்த பாஸ்மன் ஆம்ப்ளிஃபயரை மாதிரியாக வைத்துக்கொண்டுதான், லண்டனில் வாத்தியக் கடை வைத்திருந்த டிரம் ஆசிரியர் ஜிம் மார்ஷல் 1962ல் தம் தொழிலைத் தொடங்கினார். வேறொன்றுக்காகச் செய்ததை, அளவு மீறி முடுக்கி, குறையைக் குணமாக்கினவர்கள் பையன்கள். டேவ் டேவிஸ் என்பவர் கரகரப்பு வேண்டுமென்று ஸ்பீக்கரின் காகிதக் கூம்பையே பிளேடால் கிழித்துவிட்டு வாசித்தார். அந்தப் பாட்டு 1964ல் பிரபலமாயிற்று. ஆக, இந்த ஸங்கீதத்தைக் கொடுத்தவர்கள் கருவியைப் பூஜித்தவர்கள் அல்ல. கருவியோடு மல்லுக்கு நின்றவர்கள்.

லண்டனில் ஒரு நண்பர் 1960களின் ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கியிருந்தார். வாசித்துக் காட்டினார். விரல் மெதுவாகப் பட்டபோது மணிபோல் ஒலித்தது, அழுத்தியதும் கரகரத்தது. ஒரே சுரத்தில் பேச்சும் அதட்டலும். இந்த மோகத்தை வெறும் பைத்தியம் என்று ஒதுக்க அதற்குப் பிறகு எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வாங்கியவுடன் அவர் செய்த முதல் காரியம், அதை ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனதுதான். காய்ந்துபோன கண்டென்ஸர்களையும் ஓய்ந்த வால்வுகளையும் மாற்றினார்கள். உள்ளே பல நூறு வோல்ட் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்ஸரில் தங்கி நிற்கும். மாற்றாவிட்டால் ஆபத்து. மாற்றினால் சேகரிப்பவர் முகம் சுளிக்கிறார்.

கிதாரின் கதையும் இதுதான். வாசிக்க வாசிக்கச் சுரக்கம்பிகள் தேய்கின்றன. புதிது போட்டால் மதிப்புக் குறைவு. மறுபடி வர்ணம் பூசினால் விலை பாதி என்பது வியாபாரிகள் கணக்கு. வாசித்தால் பழமை போகிறது. பழமையைக் காத்தால் வாசிப்பு போகிறது. சிலவற்றை மாறாமல் காப்பதில் நியாயம் உண்டு. அளந்து பார்த்து அதுபோல் செய்ய ஒரு மூலம் வேண்டுமல்லவா? ஆனால் எல்லாமே பெட்டகத்துக்குப் போனால் வாத்தியம் எதற்கு?

டேவிட் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 1970ல் நியூயார்க்கில் கடையில் வாங்கியது. கழுத்தை மாற்றினார், பிக்-அப்புகளை மாற்றினார், உடம்பில் துளை போட்டார். 2019ல் அது ஏலத்தில் 39,75,000 டாலருக்குப் போயிற்று. அந்நாள்வரை எந்தக் கிதாரும் ஏலத்தில் அவ்வளவு விலை போனதில்லை. பணத்தைப் பூமியின் பருவநிலையைக் காக்கும் காரியத்துக்குக் கொடுத்துவிட்டார். மாற்றவே கூடாது என்கிற வேதத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியாது.

இன்னொரு வேடிக்கை: புதுக் கிதாரைத் தேய்த்து, கீறி, பழையதாக்கி விற்கும் வழக்கத்தை ஃபெண்டர் கம்பெனி 1990களில் தொடங்கியது. அதற்குக் கூடுதல் விலை! நம் எழுத்திலும் இந்த ரகம் உண்டு. முன்னோர் நடையின் தழும்புகளைப் புதுக் காகிதத்தில் வரைகிறவர்கள். தழும்பு இருக்கிறது; காயம் பட்டதில்லை.

பழைய கிதார் வாங்க ஆசைப்படுகிறவருக்கு என் யோசனை இது. வர்ணம் மாறியதை, கழுத்து ஒட்டவைத்ததை, வால்வ் மாற்றியதைத் தேடி வாங்குங்கள். விலையும் குறைவு, பயமில்லாமல் தினம் வாசிக்கலாம். தேய்ந்தால் தேயட்டும்.