கிண்ணத்தை நீட்டிய கை

கற்பனை உலகப் பாத்திர ஆட்டங்களில் நஞ்சைப் பற்றிய சண்டை முடிந்துவிட்டது என்பது இன்றைய பொது அபிப்பிராயம். ஒஸ்லோவின் தெற்கு ஓரமான எங்கள் பியோர்ண்டாலில், குளிர்கால மாலைகளில் பகடை உருட்டும் பெடியளும் அதையேதான் சொல்கிறார்கள். "மாமா, அது வெறும் டமேஜ் வகை. நெருப்பு, குளிர், மின்னல், நஞ்சு. அவ்வளவுதான்." நல்லவன் நஞ்சைத் தொடக் கூடாது என்ற பழைய விதி மடத்தனமானது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் மடத்தனமான பதிலைத் தூக்கி எறிந்தவர்கள் கேள்வியையும் சேர்த்தே எறிந்துவிட்டு, அதற்கு முதிர்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆரம்ப வரலாறு வாசகர்களுக்குத் தெரிந்ததே. 1974இல் கைகாக்ஸும் ஆர்னசனும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது நஞ்சு சிலந்தியிடமும் பூட்டிய பெட்டியிலும் இருந்தது. பகடை கைவிட்டால் ஆள் செத்தான், அறம் பற்றி எவரும் கேட்கவில்லை. எழுபதுகளின் இறுதியில் வந்த 'அட்வான்ஸ்ட்' பதிப்பு அசாசின் (மறைந்திருந்து கொல்பவன்) என்றொரு பாத்திர வகுப்பையும் நஞ்சுகளுக்கு ஒரு விலைப்பட்டியலையும் தந்தது. அசாசினை எடுப்பவன் தீயவனாகத்தான் இருக்க வேண்டும். கொச்சையான ஏற்பாடு, ஆனால் ஒளிவுமறைவு இல்லாதது. ஆட்டம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று அமெரிக்கப் பெற்றோரும் தேவாலயங்களும் கூச்சலிட்ட காலத்துக்குப் பிறகு, 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அசாசினைக் காணவில்லை. 2000இல் மூன்றாம் பதிப்பு, பொய் சொல்லாதே, ஏமாற்றாதே என்ற வரிசையில் நஞ்சு வைக்காதே என்பதையும் பாலடின் என்ற அறவீரனின் விரதத்தில் எழுதி வைத்தது.

எனக்குத் தீராத மனக்கசப்பு 2003இல் வந்த 'புக் ஆஃப் எக்சால்டட் டீட்ஸ்' மீதுதான். நல்லொழுக்கத்துக்கென்றே எழுதப்பட்ட விதிநூல். நஞ்சு ஏன் தீயது என்பதற்கு அது ஒரு காரணத்தைத் தந்தது: உடலின் ஆற்றல்களைக் குலைத்து, தேவைக்கு மீறிய வேதனை கொடுக்கிறது என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபதடி ஆரத்துக்குள் நிற்பவர்களையெல்லாம் எரிக்கும் நெருப்புருண்டையை அதே ஆட்டத்தில் எந்தப் புண்ணியவானும் வீசலாம். வேதனை அங்கே கணக்கில் வராது. போதாததற்கு, தீயவர்களை மட்டும் வதைக்கும் 'ராவேஜ்' என்ற வகையைப் புண்ணியவான்களுக்காக அந்த நூல் கண்டுபிடித்தது. வெள்ளையடித்த நஞ்சு! தொழிலும் அதே, துடிப்பும் அதே, பெயர் மட்டும் வேறு.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. மயக்கம் மட்டும் தரும் நஞ்சைத் தீயதல்ல என்று அந்த நூல் விட்டுவிடுகிறது. அப்படியானால் பகைவனை விருந்துக்கு அழைத்து, பக்கத்தில் இருத்திப் பரிமாறி, பானத்தில் மயக்கமருந்து கலந்து, விழுந்தவனைக் கட்டிப்போடும் பாலடின் மீது நஞ்சு வைத்த குற்றம் இல்லை. போர்க்களத்தில் எதிரே நிற்பவன்மீது நஞ்சு தோய்த்த அம்பை எய்பவன் பாவி. உண்டவனின் உடலைத்தான் அவர்கள் அளந்தார்கள். கிண்ணத்தை நீட்டிய கையைப் பார்க்கவே இல்லை. 2014இல் ஐந்தாம் பதிப்பு அந்த உடலையும் விட்டுவிட்டு, பெரும்பாலான சமூகங்களில் நஞ்சு சட்டவிரோதம் என்று பொலிஸ்காரன் குரலில் ஒரு வரி சொல்லி நகர்ந்தது. பெடியளின் 'டமேஜ் வகை' அங்கிருந்து வந்ததுதான்.

ஆட்டத்துக்கு வெளியே, நஞ்சை வெறுக்க முதலில் சொல்லிக்கொடுத்தவர்கள் யார் என்று கேட்டால் 1625இல் சட்ட அறிஞர் ஹ்யூகோ குரோஷியஸ் தந்த பதில் இன்றும் சுடும். கொல்ல உரிமை உள்ளவனுக்கு வாளால் கொன்றாலும் நஞ்சால் கொன்றாலும் இயற்கைச் சட்டத்தில் வேறுபாடில்லை என்கிறார் அவர். நாடுகளுக்கிடையிலான வழக்கம்தான் தடுக்கிறது. அந்த வழக்கம் அரசர்களிடமிருந்து பிறந்திருக்கலாம்; வாளுக்கு எதிராக அவர்களுக்குக் காவல் அதிகம், நஞ்சுக்கு எதிராகக் குறைவு. 1907 ஹேக் விதிகளின் 23ஆம் பிரிவு வரை அந்தத் தடை தொடர்கிறது. தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோட்டை வைத்திருந்தவர்களின் அச்சம் பாலடினின் விரதமாக வேடம் போட்டிருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

ஆட்டக்காரர்கள் தங்கள் பூதங்களையும் குள்ளர்களையும் கடன் வாங்கிய வட ஐரோப்பியக் கதைகளே இதைவிடத் தெளிவாக யோசித்தன. 'எகில் சாகா'வில் ஒரு காட்சி: நோர்வேயின் மேற்குக் கரையில் ஆத்லோய் தீவு. அரசன் எய்ரிக்கும் அரசி குன்ஹில்டும் வந்திருந்த விருந்தில், எகில் தங்களை அவமதிக்கிறான் என்று பொறுக்காமல், வீட்டுக்காரன் போர்டும் அரசியும் அவனது பானத்தில் நஞ்சு கலக்கிறார்கள். எகில் உள்ளங்கையைக் கீறி, கொம்புக் கிண்ணத்தில் ரூன் எழுத்துகளைச் செதுக்கிக் குருதியைப் பூச, கிண்ணம் வெடிக்கிறது. அந்தச் சாகாவில் பகை நஞ்சிலிருந்து தொடங்கவில்லை; நல்ல பானத்தை ஒளித்துவைத்து, புயலில் நனைந்து வந்தவர்களுக்குத் தயிரைக் கொடுத்ததிலிருந்து தொடங்குகிறது. விருந்தோம்பலில் விழுந்த விரிசல்தான் கடைசியில் நஞ்சாகிறது.

நம்மிடம் மெய்ப்பொருள் நாயனார் இருக்கிறார். போரில் திரும்பத் திரும்பத் தோற்ற முத்தநாதன், சிவனடியார் வேடத்தில், சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்து வந்து அவரைக் குத்துகிறான். ஒரு துளி நஞ்சு இல்லை. ஆனாலும் நஞ்சின் குற்றம் முழுவதும் அந்தக் கத்தியில் இருக்கிறது. இந்தக் கதையை எக்சால்டட் டீட்ஸின் தராசில் வைத்தால் எடையே காட்டாது.

பியோர்ண்டாலில் இந்தப் பெடியளின் தாய் தகப்பனுக்கு நஞ்சு என்றதும் நினைவுக்கு வருவது சயனைட் குப்பி. ஆட்டம் வெளியான அதே 1974இல், ஜூன் 5ஆம் நாள், பொலிஸ் சூழ்ந்த நிலையில் ஈழப் போராளி பொன். சிவகுமாரன் சயனைட் அருந்தி இறந்தார். பிறகு அது ஓர் இயக்கத்தின் கழுத்து அடையாளமாயிற்று. நஞ்சு என்றால் மறைந்திருந்து பிறரைக் கொல்பவனின் கருவி என்ற விதிநூல்களின் அனுமானம் இந்த வீடுகளில் செல்லாது. தானே தேர்ந்து அருந்தியவரும், பள்ளி வயதில் கழுத்தில் கட்டிவிடப்பட்ட பிள்ளையும் ஒன்றல்ல. குப்பிக்குள் இருந்தது ஒரே உப்பு.

ஆகவே என் பந்தயம் விதிநூல்களின் மீதில்லை. நோர்வேஜியர் 'லைவ்' என்று அழைக்கும், வேடமிட்டு நேரில் நடத்தும் ஆட்டத்தின் மீது. 1997இல் ஒஸ்லோவில் தொடங்கிய க்னுட்டெபுங்க்ட் மாநாடு அதை ஒரு கலையாகப் பேச வைத்தது. 1999இல் எய்ரிக் ஃபாட்லாண்டும் லார்ஸ் விங்கோர்டும் எழுதிய 'டாக்மா 99' அறிக்கை அதைத் துறவறமாகவே ஆக்கப் பார்த்தது. ஒரு பொருள் வேறொரு பொருளாக நடிக்கக் கூடாது என்று அதில் ஒரு விரதம். அதன்படி சாயத் தண்ணீர் நஞ்சாக முடியாது. வேண்டுமானால் நிஜ நஞ்சைத்தான் கொண்டுவர வேண்டும்! அந்த அறிக்கையின் அசட்டுத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

அதில் உருப்படியான விரதம் இன்னொன்று: இரகசியம் கூடாது. ஆட வருபவர் எந்த ஆவணத்தையும் முன்கூட்டியே பார்க்கலாம். அப்படிப்பட்ட ஆட்டத்தில் நஞ்சு கொடுப்பவர் பகடைக்குப் பின்னால் ஒளிய முடியாது. எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துக் கிண்ணத்தை நீட்ட வேண்டும். ஏமாறுவது பாத்திரம் மட்டும்தான். ஆடுபவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்; தெரிந்தே, கொடுப்பவர்மீது வைத்த நம்பிக்கையில், வாங்கிக் குடிக்கிறார். 'பெயக்கண்டும் நஞ்சுண்டு அமைவர்' என்று வள்ளுவர் கண்ணோட்டம் அதிகாரத்தை முடிக்கும் இடமும் இதுதான்.